ஓசூரிலிருந்து மாய நகரங்களுக்கு: ஃபேன்டசி நாவல் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறவர், அத்திப்பள்ளியைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வருகிறவர், கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறவர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு நாவல் படிக்கும் பழக்கம் கொஞ்சம் இருக்கலாம். ஃபேன்டசி பக்கம் மட்டும் போயிருக்க மாட்டீர்கள். போயிருந்தாலும், யாரோ சொன்னார்கள் என்று தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் குழம்பி, பாதியில் மூடிவைத்திருப்பீர்கள். சரியான வரிசையில் தொடங்கினால் அந்தத் தடை விலகிவிடும்.

இந்த நாவல்களைப் படிக்க நம் எல்லைப் பகுதி மிகவும் பொருத்தமான இடம் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று ஒரே தெருவில் பல மொழி கேட்கும் ஊர் இது. ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைவது நமக்குத் தினசரி வேலை. இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு எதுவும் சும்மா ஓடாது என்பது தெரியும். மின்சாரம் எங்கிருந்தோ வர வேண்டும், உழைப்பை யாரோ தர வேண்டும், செலவை யாரோ ஏற்க வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த நல்ல ஃபேன்டசி நாவல்கள் பலவும் மாயத்தைப் பற்றி இதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

## படி 1: வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் 'மாயக் கதை' என்று ஒரே கூடையில் போட்டால் தேர்வு செய்வது கடினம். தொடக்கத்துக்கு நான்கு வகை போதும்.

தனி உலகக் கதை. நிலம், மக்கள், கடவுள், சட்டம் எல்லாவற்றையும் எழுத்தாளரே உருவாக்குவார். என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த முத்தொகுதியின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து ஹியூகோ விருது பெற்றன. தமிழில் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) ஒரு கோயில் நகரத்தையே கற்பனையில் கட்டி எழுப்பியது.

நகர ஃபேன்டசி. நகரமும் காலமும் நாம் அறிந்தவை. போலீஸ் ஸ்டேஷன், பேருந்து, வாடகை வீடு எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஆவியோ தேவதையோ உருமாறும் உயிரோ வாழும். பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011), கொல்கத்தாவில் தொடங்கும் இந்திர தாஸின் 'தி டெவரர்ஸ்' (2015) ஆகியவை இந்த வகை.

வரலாற்று ஃபேன்டசி. உண்மையான வரலாற்றுக்குள் ஒரே ஒரு மாயத்தை நுழைத்து, அதனால் என்னவெல்லாம் மாறும் என்று பார்க்கும் கதை. ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' (2022), பி. ஜெலி கிளார்க்கின் 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' (2021) இரண்டும் இங்கே வரும்.

மறுகூறல். இதிகாசத்தையும் புராணத்தையும் இன்றைய பார்வையில் மீண்டும் சொல்வது. 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் 26 நாவல்களாக எழுதிய 'வெண்முரசு' தமிழில் இந்த வகையின் மிகப் பெரிய முயற்சி. ஆங்கிலத்தில் வைஷ்ணவி படேலின் 'கைகேயி' (2022) பரவலாக வாசிக்கப்பட்டது.

ஒரே நாவல் இரண்டு வகையில் சேருவதும் உண்டு. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடையிலோ நூலகத்திலோ நிற்கும்போது, 'இன்று எது வேண்டும்' என்று உங்களையே கேட்டுக்கொள்ள இந்தப் பிரிவு உதவினால் போதும்.

## படி 2: உங்களிடம் இருக்கும் கையிருப்பை எண்ணிப் பாருங்கள்

ஃபேன்டசி என்பது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தால் தயக்கம் வரும். நம் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களை நினைத்துப் பாருங்கள். இரவு இரவாகப் பாரதக் கூத்து நடக்கிறது. படுகளத்தன்று தரையில் பிரமாண்டமான மண் துரியோதனன் கிடக்கிறான். பகலில் டிராக்டர் ஓட்டியவர் இரவில் பீமனாகிறார். ஊரே அதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கற்பனை உலகின் சட்டத்தை மனமார ஏற்றுக்கொண்டு அதற்குள் இருக்கும் பயிற்சியை நாம் சிறு வயதிலேயே பெற்றுவிட்டோம். வியாசர் விருந்தையும் சக்கரவர்த்தித் திருமகனையும் எளிய தமிழில் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த ராஜாஜி, ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர்.

கையிருப்பு இதோடு முடியவில்லை. கிருஷ்ணகிரி அருகே மல்லசந்திரத்தில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. மாவட்டம் முழுவதும் வயலோரங்களில் நடுகற்கள் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், 1990களில் பெங்களூரு வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதிவைத்தார்கள். இரவில் தெரிந்தவர் குரலில் வந்து கதவைத் தட்டும் பேய், 'நாளை வா' என்ற அந்த எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்பது நம்பிக்கை. வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த ஒரு நகரத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த பேய்! நகர ஃபேன்டசிக்கு வேண்டிய எல்லாமும் அந்த ஒரு கதையிலேயே இருக்கிறது.

## படி 3: எந்த மொழியில் படிப்பது?

புதிய ஃபேன்டசி நாவல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் வருகிறது. தமிழில் இந்த வகை வளர்ந்துவருகிறது. 'அரூ' போன்ற இதழ்கள் அறிவியல் கதைக்கும் கனவுருப்புனைவு என்ற ஃபேன்டசிக்கும் தனி இடம் கொடுக்கின்றன. ஆகவே இரண்டு மொழியிலும் கால் வைப்பதே நல்லது.

ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கம் இல்லையென்றால் முதல் இரண்டு புத்தகங்களைத் தமிழில் படியுங்கள். அதன் பிறகு சிறிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றுக்குப் போங்கள். அகராதியைப் பக்கத்துக்குப் பத்து முறை புரட்ட வேண்டாம். ஃபேன்டசியில் வரும் விசித்திரச் சொற்களில் பல அகராதியிலேயே இருக்காது. எழுத்தாளர் உருவாக்கிய அந்தச் சொற்களை ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவரும் உங்களோடு சேர்ந்து புதிதாகத்தான் கற்கிறார். இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறோம்.

## படி 4: முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் புத்தகம் சிறியதாகவும் தனித்து முடிவதாகவும் இருக்க வேண்டும். பல பாகத் தொடரில் தொடங்காதீர்கள்.

தமிழில் தொடங்க:

- ஜெயமோகனின் 'பனிமனிதன்'. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த நாவல். இமயத்தில் பனிமனிதனைத் தேடிப் போகும் பயணக் கதை. சிறுவருக்காக எழுதப்பட்டாலும் பெரியவரும் ஒரே மூச்சில் படிக்கலாம்.
- பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). யாரோ ஒரு ராட்சத உருவத்து மனிதர் கொடுத்துவிட்டுப் போன ஆட்டுக்குட்டியிலிருந்து கதை தொடங்குகிறது. ஆட்டுக்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டிய ஊர் அது. வறண்ட நிலத்தில் ஆடு வளர்க்கும் குடும்பத்தை அறிந்த நம் வட்டாரத்தாருக்கு ஒவ்வொரு வரியும் பிடிபடும்.
- எஸ். ராமகிருஷ்ணனின் 'யாமம்' (2007). அத்தர் செய்யும் குடும்பத்தின் ரகசிய வாசனையும், பழைய மதராசப்பட்டினமும், நாயின் பின்னால் போகும் பண்டாரமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நாவல். நகர ஃபேன்டசியின் சுவையைத் தமிழில் அறிய இது நல்ல வாசல்.

ஆங்கிலத்தில் தொடங்க:

- பி. ஜெலி கிளார்க்கின் 'தி ஹாண்டிங் ஆஃப் டிராம் கார் 015' (2019). 1912ஆம் ஆண்டுக் கெய்ரோ. ஜின்கள் மனிதரோடு சேர்ந்து வாழும் நகரம். ஒரு டிராம் வண்டியில் ஏதோ புகுந்துகொண்டது. அதை விரட்ட அரசுத் துறை அலுவலர் இருவர் வருகிறார்கள். குறுநாவல் என்பதால் ஒரு வார விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.
- சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). முடிவே இல்லாத மண்டபங்கள் கொண்ட ஒரு வீட்டில் தனியாக வாழும் மனிதனின் நாட்குறிப்பு. எளிய மொழி. 2021இல் பெண்களுக்கான புனைவு விருது பெற்றது.

விறுவிறுப்பும் அமானுஷ்யமும் சேர்ந்த கதைதான் வேண்டும் என்கிறவர்கள் இந்திரா சௌந்தர்ராஜனிடமிருந்து தொடங்கலாம். அவருடைய 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் தொலைக்காட்சியில் 'விடாது கருப்பு' ஆனது. கிராமத்துக் காவல் தெய்வத்தையும் நவீன மருத்துவத்தையும் ஒரே கதைக்குள் மோதவிட்டவர் அவர்.

## படி 5: முதல் ஐம்பது பக்கத்தைக் கடக்கும் முறை

பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். தெரியாத பெயர்கள் வரிசையாக வரும். எழுத்தாளர் எதையும் விளக்க மாட்டார். புதிதாகச் சேர்ந்த அப்ரண்டிஸ் முதல் வாரத்தில் இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் மனப்பாடம் செய்வதில்லை. எது ஓடுகிறது, எதைத் தொடக்கூடாது என்பதை மட்டும் கவனிக்கிறார். அந்தக் கவனம் இங்கேயும் போதும்.

- கதை யார் பின்னால் போகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்பது தெரிந்தால் மற்றவை தானாகச் சேரும்.
- புரியாத சொல்லை அடிக்கோடிட்டுவிட்டு நகருங்கள். மூன்றாம் முறை வரும்போது பொருள் விளங்கிவிடும்.
- புத்தகத்தின் தொடக்கத்தில் வரைபடமோ கடைசியில் பெயர் அட்டவணையோ இருந்தால் ஒரு முறை பார்த்துவிட்டு வையுங்கள்.
- ஐம்பது பக்கத்துக்குப் பிறகும் எந்தப் பாத்திரத்தின் மீதும் அக்கறை வரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே புத்தகம் உங்களுக்குத் திறந்துகொள்ளலாம்.

## படி 6: மூன்று கேள்விகளோடு படியுங்கள்

ஃபேன்டசியை ஆழமாக வாசிக்க இலக்கியக் கோட்பாடு தேவையில்லை. இந்த மூன்று கேள்வி போதும்: மாயம் எப்படி இயங்குகிறது? அதன் விலை என்ன? அந்த விலையைக் கொடுப்பவர் யார்?

'பேபல்' நாவலை எடுத்துக்கொள்வோம். 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. வெள்ளிக் கட்டியின் இரு பக்கங்களிலும் இரண்டு மொழிச் சொற்களைப் பொறிக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் எது தொலைகிறதோ அது மாயச் சக்தியாக வெளிப்பட்டு, கப்பலையும் ஆலையையும் ஓட்டுகிறது. அந்தச் சக்தியைத் தர வேறு மொழி பேசும் பிள்ளைகள் வேண்டும். காலனிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அவர்களை அழைத்துவந்து படிக்கவைக்கிறார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த ராமி அவர்களில் ஒருவன். மொழியறிவு அவர்களுடையது, லாபம் பேரரசுக்கு. இந்த இடத்தை உணர்ந்ததும் நாவல் சூடு பிடிக்கிறது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் வேலையில் கன்னடமும் ஆங்கிலமும் பேசுகிற ஓசூர்க்காரருக்கு இந்த நாவல் மற்ற யாரையும்விட நெருக்கமாக இருக்கும்.

'தி ஃபிஃப்த் சீசன்' உலகில் பூமி அடிக்கடி அதிர்ந்து பேரழிவு வருகிறது. அதை அடக்கும் ஆற்றல் பிறவியிலேயே சிலருக்கு உண்டு. அந்த உலகமே அவர்களால்தான் பிழைக்கிறது. ஆனாலும் அந்த உலகம் அவர்களை வெறுத்து, அடக்கி, கட்டுப்பாட்டில் வைத்து வேலை வாங்குகிறது. மூன்றாவது கேள்வியை இந்த நாவல் அளவுக்குக் கடுமையாகக் கேட்டவை குறைவு.

## படி 7: நகர ஃபேன்டசியை உங்கள் நகரத்தோடு சேர்த்துப் படியுங்கள்

'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' நாவலில் பீட்டர் கிரான்ட் என்ற இளம் போலீஸ்காரர் ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்த ஆவியைச் சந்திக்கிறார். பிறகு லண்டன் நதிகளின் தெய்வங்களைச் சந்திக்கிறார். தேம்ஸ் நதியின் தாய், நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெண். இதைப் படித்துவிட்டு நம் தென்பெண்ணையைப் போய்ப் பாருங்கள். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் ஏந்திக்கொண்டு, எல்லை தாண்டி ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வந்து சேருகிறது. அந்த நதிக்கு ஒரு முகமும் குரலும் இருந்தால் எந்த மாநிலத்தோடு என்ன பேசும்? நல்ல நகர ஃபேன்டசி படித்தவர் மனத்தில் எழ வேண்டிய கேள்வி இது.

ஜெமிசினின் 'தி சிட்டி வி பிகேம்' (2020) நாவலில் நியூயார்க் உயிர் பெற்று எழுகிறது. நகரத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மனிதராக உருக்கொள்கிறது. வாசித்து முடித்ததும் நண்பர்களோடு இதைச் செய்து பாருங்கள்: ஓசூர் ஒரு மனிதராக வந்தால் யாராக வருவார்? சந்திரசூடேஸ்வரர் மலையடிவாரத்தில் பூ விற்கும் அம்மாவா, ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியா, ஜவளகிரிக் காட்டிலிருந்து ராகி அறுவடைக் காலத்தில் இறங்கி வரும் யானையா? பதில் சொல்லத் தொடங்கும்போதுதான் சொந்த ஊரை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பது தெரியும்.

இலங்கையிலிருந்து வந்த இரண்டு நாவல்களையும் இந்த வரிசையில் கட்டாயம் சேருங்கள். ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா' 2022இல் புக்கர் பரிசு பெற்றது. செத்துப்போன புகைப்படக் கலைஞர் ஒருவர், தன்னைக் கொன்றவர் யார் என்று 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் தேடுகிறார். வஜ்ர சந்திரசேகராவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023) நெபுலா விருது பெற்றது. திறக்கவே முடியாத ஒளிக்கதவுகள் நிறைந்த நகரம், தந்தையைக் கொல்வதற்காகவே வளர்க்கப்பட்ட மகன், அடையாள ஆவணங்களும் முகாம்களும் கலவரமும் என விரிகிறது கதை. அந்தத் தீவின் வரலாற்றை ஓரளவு அறிந்த தமிழ் வாசகருக்கு இரண்டும் ஆழமாகத் தைக்கும்.

ஒரு முன்னெச்சரிக்கை. 'தி டெவரர்ஸ்', 'தி செவன் மூன்ஸ்' ஆகியவற்றில் வன்முறையும் பாலியல் காட்சிகளும் உண்டு. பள்ளி வயதினருக்குக் கொடுக்க வேண்டாம்.

## படி 8: நம் ஊரின் பெரிய மலை, பா. வெங்கடேசன்

நவீனத் தமிழ் நாவலில் கதைக்குள் கதையாக அதிசய உலகங்களைக் கட்டியவர்களில் முக்கியமானவர் பா. வெங்கடேசன். மதுரையில் பிறந்து ஓசூரில் வாழ்பவர். அவருடைய 'தாண்டவராயன் கதை' (2008) பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை. மனைவியின் விசித்திர நோய்க்கு மருந்து தேடி இங்கிலாந்திலிருந்து தென்னிந்தியா வரும் ஒருவனின் பயணம், திப்புவின் காலத்து மண்ணில் புனைவும் வரலாறுமாகக் கிளைத்துப் போகிறது. மைசூர்ப் போர்களின் தடம் பதிந்த ராயக்கோட்டைக்கும் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கும் பக்கத்தில் வாழ்கிறவர் அதைப் படிப்பது தனி அனுபவம்.

ஆனால் அதில் தொடங்காதீர்கள். மிகப் பெரிய நாவல், பக்கக் கணக்கில் நீளும் வாக்கியங்கள். முதலில் 'ராஜன் மகள்' குறுநாவல் தொகுப்பைப் படியுங்கள். அடுத்து 'பாகீரதியின் மதியம்' (2016). அவர் வாக்கியங்களுக்கு ஒரு வழி உண்டு: வாய்விட்டுப் படிப்பது. கூத்தில் கட்டியக்காரன் கதையை நீட்டி இழுத்துச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த நீளம் சீக்கிரம் பழகிவிடும். கண்ணால் மட்டும் படித்தால் களைப்பு வரும்.

## படி 9: புத்தகம் எங்கே கிடைக்கும்?

- நூலகம். கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகத்திலோ ஓசூர் கிளை நூலகத்திலோ முதலில் உறுப்பினராகுங்கள். தமிழ் நாவல்களை அங்கே தேடிவிட்டுப் பிறகு காசு செலவழியுங்கள்.
- புத்தகத் திருவிழா. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் தமிழ்ப் பதிப்பகங்கள் நேரடியாகக் கடை போடுகின்றன. பட்டியலோடு போங்கள், தள்ளுபடியும் கிடைக்கும்.
- பெங்களூரு சர்ச் தெரு. புதிய ஆங்கில ஃபேன்டசிக்கு நமக்கு மிக அருகில் உள்ள சுரங்கம். பிளாசம், புக்வார்ம் போன்ற கடைகளில் பழைய பிரதிகளும் குறைந்த விலையில் கிடைக்கும். பொம்மசந்திரா வரை வந்துவிட்ட மஞ்சள் வழித்தட மெட்ரோ பயணத்தைச் சுலபமாக்கியிருக்கிறது.
- மின்நூல், ஒலிநூல். தடித்த நாவலைப் பேருந்தில் நின்றபடி பிடிக்க முடியாது. கைபேசியில் மின்நூலாகப் படிப்பதும் காதில் கேட்பதும் பயணக்காரருக்கு ஏற்றவை. திருட்டு பிடிஎஃப் மட்டும் வேண்டாம். இந்த வகை தமிழில் வளர வேண்டுமானால் எழுதுகிறவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும்.

## படி 10: ஷிப்டுக்கு ஏற்ற நேரம்

இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் புதிய உலகத்தைத் தொடங்காதீர்கள். களைத்த மூளையில் புதுப் பெயர்கள் நிற்காது. புதிய நாவலின் தொடக்கத்தை வார விடுமுறைக்கு ஒதுக்குங்கள். ஒரே அமர்வில் முப்பது, நாற்பது பக்கம் போய்விட்டால் அந்த உலகம் நினைவில் தங்கிவிடும். மற்ற நாட்களில் பயண நேரத்தில் ஓர் அத்தியாயம் போதும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலும் வாசிப்பு நேரம்தான். ஷிப்ட் மாறும் வாரத்தில் விட்டுப்போனால், கடைசியாகப் படித்த அத்தியாயத்தின் இறுதி இரண்டு பக்கங்களை மீண்டும் படித்துவிட்டுத் தொடருங்கள்.

முடிந்தால் கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறை நண்பரோ, லைனில் பக்கத்தில் நிற்பவரோ, ஒரே புத்தகத்தை இருவர் படித்தால் அது பாதியில் நிற்காது. ஒருவர் தமிழிலும் மற்றவர் கன்னடத்திலும் கதையைப் பேசிக்கொண்டாலும் சரி.

## ஆறு மாத வாசிப்புத் திட்டம்

1. முதல் மாதம்: 'பனிமனிதன்', 'பூனாச்சி'.
2. இரண்டாம் மாதம்: 'யாமம்'.
3. மூன்றாம் மாதம்: 'டிராம் கார் 015', நேரம் இருந்தால் 'பிரனேசி'.
4. நான்காம் மாதம்: 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்', பிறகு 'ராஜன் மகள்'.
5. ஐந்தாம் மாதம்: 'பேபல்'. மூன்று கேள்விகளையும் ஒரு நோட்டில் எழுதி, படிக்கப் படிக்க விடை குறித்துக்கொள்ளுங்கள்.
6. ஆறாம் மாதம்: 'தி செவன் மூன்ஸ்' அல்லது 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. இதை முடித்தவருக்குத் 'தாண்டவராயன் கதை', 'விஷ்ணுபுரம்' இரண்டின் கதவும் திறந்திருக்கும்.

ஆறாம் மாத முடிவில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். சிப்காட் வாசலில், கெலவரப்பள்ளிக் கரையில், அத்திப்பள்ளி எல்லையில் ஒரே ஒரு மாயம் நடக்கட்டும். அது எப்படி இயங்குகிறது, விலை என்ன, கொடுப்பவர் யார் என்பதை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். ஓசூர்த் தொழிற்பேட்டையைக் களமாகக் கொண்ட நகர ஃபேன்டசி நாவல் ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை. அதை எழுதப் போகிறவர் இப்போது எங்கோ முதல் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கும் வாசகராகத்தான் இருப்பார்.